ரானல்ஃப் ஃபைன்ஸை நேரில் பார்த்தேன், சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை

பவானிக்காரன் எழுதியது:

போன வியாழக்கிழமை சாயங்காலம் இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு நாடக அரங்கில், துருவப் பயணி சர் ரானல்ஃப் ஃபைன்ஸ் பேசினார். தன்னம்பிக்கைப் பேச்சு என்றாலே எனக்கு ஒவ்வாது. ஆபீஸில் வருடம் ஒரு தடவை யாரையாவது கூட்டி வந்து எல்லோரையும் எழுந்து நின்று கைதட்டச் சொல்வார்கள். நான் அந்த நேரம் பார்த்து டீ குடிக்கப் போய்விடுவேன். இந்தத் தடவை மூன்று மாதம் முன்பே டிக்கெட் எடுத்து ஐந்தாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

அவர் துருவம் துருவமாக நடந்தவர் என்பதற்காக இல்லை. என் அப்பாவுக்காக.

2003 தீபாவளிக்கு முந்தின வாரம் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் பைபாஸ் ஆனது. பவானியில் தறிப்பட்டறைக் கணக்கு எழுதியவர். தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்பா கட்டிலை விட்டு இறங்கவில்லை. நெஞ்செலும்பை அறுத்துக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது, நடந்தால் பிய்த்துக்கொள்ளும் என்பது அவர் கட்சி. அம்மா கெஞ்சினார், சித்தப்பா சத்தம் போட்டார். அசையவில்லை. நவம்பர் முதல் வாரத்தில் பேப்பரில் ஒரு மூலைச் செய்தி வந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவர், வயது 59, ஜூன் மாதம் மாரடைப்பு வந்து பைபாஸ் செய்துகொண்டவர். ஐந்து மாதம்கூட ஆகாத நிலையில் ஏழு நாளில் ஏழு கண்டங்களில் ஏழு மாரத்தான் ஓடி முடித்திருக்கிறார். ஒவ்வொன்றும் 42 கிலோமீட்டர். அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டார். "அந்தாளுக்கு வேற பொழப்பில்லையாடா?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிகாலை வாசலில் செருப்புச் சத்தம். தெருமுனை வரை போய்விட்டு வந்திருந்தார். பொங்கலுக்குள் கூடுதுறை வரை போய்வர ஆரம்பித்தார். இன்றைக்கும் போகிறார்.

இதை அந்த மனிதரிடம் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருடமாக வைத்திருந்தேன். ஆங்கிலத்தில் நாலே வாக்கியம், ரயிலில் போகும்போதெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்தவை. இடைவேளையில் வெளியே மேஜை போட்டுப் புத்தகங்களில் கையெழுத்துப் போட்டார். எனக்கு முன்னால் ஒரு நாற்பது பேர். என் முறை வந்தது. யார் பெயருக்கு என்று கேட்டார். அப்பா பெயரைச் சொன்னேன். அவருக்குப் பிடிபடவில்லை. கே, ஏ, என், டி என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கந்தசாமிக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து. என் நாலு வாக்கியமும் அந்த ஒன்பது எழுத்தோடு போயிற்று. புத்தகத்தை அழுத்திப் பிடித்திருந்த இடது கையில் விரல் நுனிகள் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். நன்றி என்றேன். அவரும் நன்றி என்றார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண்மணி என்னைத் தாண்டிப் புத்தகத்தை நீட்டிவிட்டார்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சிறுமலை எழுதியது:

தம்பி, எனக்கு இவர் பெயரே புதிது. கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள். விரலுக்கு என்ன ஆயிற்று?

பவானிக்காரன் எழுதியது:

விரலிலிருந்தே ஆரம்பிக்கிறேன் அண்ணா. 2000-இல் யார் துணையும் இல்லாமல், நடுவில் உணவோ பொருளோ வாங்காமல் தனியாக வட துருவத்துக்கு நடந்து போகப் புறப்பட்டார். பனிச்சறுக்கு வண்டி, அதாவது சாமான் ஏற்றி இடுப்பில் கட்டி இழுப்பது, மெல்லிய பனியை உடைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. கையை விட்டு இழுத்து மீட்டார். வண்டி வந்தது, இடது கை விரல் நுனிகள் குளிரில் உறைந்து செத்துப்போயின. ஊர் திரும்பியதும், அவற்றை வெட்டி எடுக்கப் பல மாதம் காத்திருக்கச் சொன்னார் சர்ஜன். வலி தாங்காமல், காத்திருக்கவும் பொறுக்காமல், வீட்டுத் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு மின்சார இழைவாளை வைத்துத் தானே நறுக்கிக்கொண்டார்.

மேடையில் இதைச் சொல்லும்போது அரங்கமே நெளிந்தது. அவர் மரக்கதவுக்குத் தாழ்ப்பாள் மாட்டியதைச் சொல்வது போலச் சொன்னார்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1944-இல் பிறந்தவர். ராணுவ அதிகாரியான அப்பா, இவர் பிறப்பதற்கு முன்பே இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் இறந்துபோனார். சின்ன வயது தென்னாப்பிரிக்காவில். அப்பா நடத்திய படைப்பிரிவுக்கே தானும் தளபதியாக வேண்டும் என்பது ஆசை, ஆனால் பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை, அதனால் அந்தக் கதவு மூடிக்கொண்டது. அப்புறம் சிறப்புப் படையில் சேர்ந்தார். 1966-இல் காசில் கூம் என்ற அழகான கிராமத்தில் ஹாலிவுட் படத்துக்காக ஓடையை மறித்து ஓர் அணை கட்டியிருந்தார்கள். கிராமத்தைக் கெடுக்கிறார்கள் என்று அதை வெடிவைத்துத் தகர்க்கப் போய் மாட்டிக்கொண்டார். சிறப்புப் படையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தக் கிராமம் எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி நேரம்தான். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப் போய்க் காட்டுவேன், சுற்றிப் பார்த்துவிட்டு "கடை கண்ணி ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

1979 முதல் 1982 வரை ட்ரான்ஸ்குளோப் பயணம். கிரீனிச்சில் கிளம்பி, தென் துருவம், வட துருவம் இரண்டையும் தொட்டு, ஆகாய விமானத்தில் ஏறாமல் நிலமும் கடலும் பனியுமாகப் பூமியைச் செங்குத்தாக ஒரு சுற்று. கடைசியில் ஆர்க்டிக்கில் இவரும் கூடப் போன சார்லி பர்ட்டனும் மிதக்கும் பனிப்பாளம் ஒன்றில் கூடாரம் போட்டு, கப்பலைப் பிடிக்க மூன்று மாதத்துக்கு மேல் மிதந்துகொண்டே காத்திருந்தார்கள்.

கறார்பேர்வழி எழுதியது:

நல்ல மனிதராகவே இருக்கட்டும். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியாக வேண்டும்.

பிறக்கும்போதே சர் பட்டம். படித்தது ஈட்டன், மேல்தட்டுப் பிள்ளைகளின் பள்ளி. ட்ரான்ஸ்குளோப் பயணத்துக்குப் புரவலர் அன்றைய இளவரசர் சார்லஸ். நம்மில் ஒருவன் போய் "பூமியைச் செங்குத்தாகச் சுற்றப் போகிறேன், கப்பல் கொடுங்கள்" என்று கேட்டால் வாட்ச்மேனே திருப்பி அனுப்பிவிடுவார். அண்டார்டிகாவில் அவர்கள் போனது பனியில் ஓடும் மோட்டார் வண்டியில், விமானம் பொருள் கொண்டுவந்து போட்டது.

துணையின்றி அண்டார்டிகாவை முதலில் தனியாகக் கடந்தவர் இவர் இல்லை. 1996-97-இல் நார்வேயின் போர்கே ஓஸ்லாண்ட், 64 நாளில். அதே பருவத்தில் ஃபைன்ஸும் கிளம்பினார், சிறுநீரகக் கல் வந்து பாதியில் திரும்பினார். 2003 ஓட்டத்திலும் ஒரு சந்தேகம். ஏழு கண்டம் என்கிறீர்கள், அண்டார்டிகாவில் ஓடினாரா?

பவானிக்காரன் எழுதியது:

ஓடவில்லை. வானிலை சரியில்லாததால் அந்தக் கணக்குக்கு ஃபாக்லாந்து தீவில் ஓடினார். படகோனியா, ஃபாக்லாந்து, சிட்னி, சிங்கப்பூர், லண்டன், கெய்ரோ, நியூயார்க். பூகோள வாத்தியார் மார்க் போடமாட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஓஸ்லாண்ட் விஷயமும் சரிதான். ஆனால் கறார், நீங்கள் குற்றப்பத்திரிகையாக வாசித்ததில் பாதியை அவரே அன்றைக்கு மேடையில் சொன்னார். அதுதான் எனக்குப் பிடித்தது. இரண்டு மணி நேரமும் எங்கே திரும்பினேன், எங்கே கோட்டைவிட்டேன் என்பதுதான் பேச்சு. "உங்களாலும் முடியும்" என்று கடைசி வரை சொல்லவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார், ஏதாவது சூத்திரம் கிடைக்கும் என்று வந்திருப்பார் போல. இடைவேளை வரை பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

எவரெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2005-இல் திபெத் பக்கமாக ஏறி, உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே இதயம் மக்கர் செய்து திரும்பினார். 2008-இல் நேபாளப் பக்கமாக ஏறி மறுபடியும் திரும்பினார். 2009 மே மாதம், 65 வயதில் ஏறினார். மூன்றாவது தடவை உச்சி என்று ஒன்று இருப்பதையே நினைக்காமல் நடந்துகொண்டே இருந்தாராம்.

வெண்தாமரை எழுதியது:

எல்லாரும் அவரைப் பற்றியே பேசுகிறீர்கள். ட்ரான்ஸ்குளோப் யோசனை யாருடையது? ஜின்னி ஃபைன்ஸ், அவர் மனைவி. 1972-இல் அவர் சொன்ன யோசனை, கிளம்பியது 1979-இல். நடுவே ஏழு வருடம் கம்பெனி கம்பெனியாகக் கேட்டு வாங்கி, சம்பளம் வாங்காத ஆட்களைச் சேர்த்து, கப்பலையும் விமானத்தையும் தேடி. கறார் சொன்ன சிபாரிசு இருந்தும் ஏழு வருடம்.

அண்டார்டிகாவில் ரைவிங்கன் என்ற இடத்தில் நாலு பேர் குளிர்காலம் முழுக்கத் தங்கினார்கள். குடிசைகள் எதில் தெரியுமா? அட்டையில். நெளி அட்டைக் குடிசை, மேலே பனி மூடிக் கதகதப்பாகிவிடும். அங்கே வானொலிக் கருவியோடு உட்கார்ந்து, துருவ இருட்டில் வெளி உலகத்தோடு தொடர்பைப் பிடித்து வைத்திருந்தவர் ஜின்னி. துருவப் பணிக்காக பிரிட்டன் தரும் போலார் மெடலை வாங்கிய முதல் பெண் அவர்தான், 1987-இல். அவர்களுடைய போதி என்ற நாய்க்குட்டி இரண்டு துருவத்திலும் கால் வைத்தது, அதற்குக்கூடத் தனிப் புகழ் உண்டு. ஜின்னியை யாருக்கும் தெரியவில்லை.

நீங்கள் போன பேச்சில் அவரைப் பற்றி எவ்வளவு சொன்னார்?

பவானிக்காரன் எழுதியது:

நிறைய சொன்னார் அக்கா. அந்தப் பகுதியில்தான் குரல் இறங்கியது. ஏழு மாரத்தான் முடித்த கொஞ்ச நாளிலேயே ஜின்னிக்கு வயிற்றுப் புற்றுநோய் என்று தெரிந்து, 2004 பிப்ரவரியில் இறந்துவிட்டார். நாங்கள் அந்த ஓட்டச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டில் நடந்துகொண்டிருந்தது இது. எனக்கு இது வெகு காலம் கழித்துத்தான் தெரியும்.

உயரம் என்றாலே ஃபைன்ஸுக்குப் பயம், தலை சுற்றும். அப்படிப்பட்டவர் 2007-இல் ஸ்விட்சர்லாந்தின் ஐகர் மலையின் வடக்குச் சுவரில் ஏறினார். மேரி க்யூரி புற்றுநோய் அமைப்புக்குப் பணம் திரட்ட. பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது.

பழைய நர்சிங் எழுதியது:

ராணுவத்தில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவன் நான், பனிமலையில் இரண்டு குளிர்காலம் இருந்திருக்கிறேன். இழைவாள் கதையைப் படித்துவிட்டு யாராவது இதை வீரம் என்று எடுத்துக்கொள்ளப் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

பனிக்கடியில் சதைக்குள் இருக்கும் நீர் உறைகிறது, சின்ன ரத்தக் குழாய்கள் அடைபடுகின்றன. முதலில் வெளுக்கும், மரத்துப்போகும். அப்புறம் கொப்புளம். அப்புறம் கறுத்துக் காய்ந்த சுள்ளி மாதிரி ஆகும். எது செத்தது, எது பிழைக்கும் என்று முதல் வாரத்தில் யாராலும் சொல்ல முடியாது. செத்த பகுதிக்கும் உயிருள்ள பகுதிக்கும் நடுவே ஒரு கோடு விழும், அதற்கு வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அந்தக் கோட்டுக்காகத்தான் சர்ஜன் காத்திருக்கச் சொல்வது. ஜனவரியில் பனிக்கடி என்றால் ஜூலையில் கத்தி என்று பழைய சர்ஜன்கள் சொல்வார்கள். அவசரப்பட்டால் பிழைக்க வேண்டிய சதையும் போகும், சீழ் வைக்கும்.

அவர் உயிருள்ள பகுதியைத் தொடாமல் அதற்கு மேலேயே அறுத்தார் என்று படித்திருக்கிறேன், அதனால் தப்பினார். எங்கள் ஆட்களுக்கு நாங்கள் சொல்வது இதுதான்: தேய்க்காதே, நெருப்பில் காட்டாதே (மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்), முகாமுக்கு வந்த பிறகு 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் வை. திரும்பவும் உறையும் வாய்ப்பு இருந்தால் உருக்கவே உருக்காதே. அது முதல் தடவையைவிட மோசம். லடாக், மணாலி என்று பிள்ளைகள் பைக்கில் கிளம்பிவிடுகிறார்கள், கையுறை மட்டும் தெருவோரக் கடையில் வாங்குகிறார்கள்.

ஸ்டென்ட்தாரர் எழுதியது:

அதே மாதிரி இதயக்காரர்களுக்கும் ஓர் எச்சரிக்கை. 2003 ஜூனில் அவருக்கு மாரடைப்பு வந்தது பிரிஸ்டல் விமான நிலையத்தில், விமானத்துக்குள்ளேயே. மூன்று நாள் நினைவில்லை. ஓடலாம் என்று சர்ஜன் அனுமதி கொடுத்தபோது நிமிடத்துக்கு 130 துடிப்பைத் தாண்டக் கூடாது என்று நிபந்தனை போட்டார். அவர் துடிப்பு பார்க்கும் கருவியை எடுத்துப்போக மறந்துவிட்டார்! எவ்வளவு துடித்தது என்று அவருக்கே தெரியாது. கூடவே ஓடிய மைக் ஸ்ட்ரௌட் டாக்டர், அந்த வசதி நமக்கு இல்லை.

நான் ஸ்டென்ட் வைத்த ஆறாவது வாரம் என் மச்சான் இந்த மாதிரி ஒரு வீடியோவை அனுப்பி "நீயும் ஓடு" என்றார். அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பவானிக்காரனின் அப்பா செய்ததுதான் சரி. திட்டிவிட்டுத் தெருமுனை வரை நடந்தார் பாருங்கள்.

சோற்றுமூட்டை எழுதியது:

இவர்கள் அங்கே என்னதான் சாப்பிடுவார்கள்? அதை யாருமே சொல்லவில்லை.

பவானிக்காரன் எழுதியது:

1992-93-இல் ஃபைன்ஸும் ஸ்ட்ரௌடும் அண்டார்டிகாவில் நடந்தபோது ஆளுக்கு 200 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் யாரும் எதுவும் தரமாட்டார்கள், எல்லாச் சோறும் அந்த வண்டியில்தான். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 5,000 கலோரி, பாதிக்கு மேல் கொழுப்பு. கஞ்சியிலும் வெண்ணெய், சூப்பிலும் வெண்ணெய். ஏனென்றால் எடைக்கு எடை கொழுப்பில்தான் சக்தி அதிகம். ஸ்ட்ரௌட் தங்கள் உடம்பையே ஆராய்ச்சிக்கு வைத்து அளந்தார். சில நாள்களில் செலவானது 10,000 கலோரிக்கு மேல். வித்தியாசத்தை உடம்பே கொடுத்தது, சேமிப்புப் பணத்தை எடுத்துச் செலவழிக்கிற மாதிரி. ஆளுக்கு 20 கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். ஜனவரி 16 தென் துருவம். பிப்ரவரியில் கடல்மேல் மிதக்கும் ராஸ் பனித்தட்டில், கண்டத்தின் நிலத்தைக் கடந்தாயிற்று, ஆனால் போய்ச் சேர வேண்டிய முகாம் இன்னும் தூரம். விமானத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

கறாருக்காகக் கடைசி வாக்கியத்தை நானே எழுதிவிட்டேன்.

கறார்பேர்வழி எழுதியது:

மகிழ்ச்சி.

ஒன்று சொல்கிறேன். எனக்கு இந்த மாதிரி ஆள்கள் மேல் கோபம் இல்லை, மேடைமேல்தான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு மலையேறும் வீரரை விழாவுக்குக் கூப்பிட்டார்கள். பெயர் வேண்டாம். அவர் படத்தை விடுதிச் சுவரில் ஒட்டியிருந்தவன் நான். மேடையில் ஒன்றரை மணி நேரம் மன உறுதி பற்றிப் பேசினார். அப்புறம் மேடைக்குப் பின்னால், தனக்கு வந்த பொன்னாடை பருத்தியா பட்டா என்று தடவிப் பார்த்து, காரில் ஏசி இல்லை என்று ஒரு முதலாமாண்டுப் பையனைக் காய்ச்சி எடுத்தார். அந்தப் பையன் நான். அறைக்குப் போய்ப் படத்தைக் கிழித்தேன், சுவர் வண்ணமும் சேர்ந்து பிய்ந்துகொண்டு வந்தது, வார்டன் அபராதம் போட்டார்.

அதனால் உங்களுக்கு ஒன்பது எழுத்தோடு முடிந்தது நல்லதுக்குத்தான்.

வெண்தாமரை எழுதியது:

கறார் தம்பி இவ்வளவு நாள் இதைச் சொல்லவே இல்லையே!

எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு மேஜைக்கு முன்னால் இருபது நொடியில் யாரும் யாரையும் தெரிந்துகொள்ள முடியாது, நல்ல விதமாகவும் முடியாது, கெட்ட விதமாகவும் முடியாது. பவானிக்காரன், கடிதம் எழுதுங்கள். பதிப்பகத்தின் முகவரிக்குப் போட்டால் சேரும். நாலு வாக்கியம்தானே, ரயிலில் மனப்பாடம் ஆனதுதானே.

சிறுமலை எழுதியது:

கடிதம் நல்ல யோசனை. அப்பாவிடம் சொல்லிவிட்டீர்களா? புத்தகம் அவர் பெயருக்குத்தானே இருக்கிறது?

பவானிக்காரன் எழுதியது:

அன்று இரவே போன் போட்டேன். "பாத்தியா? என்ன சொன்ன?" என்று கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் "சரி விடு, அவரு வேலையா இருந்திருப்பாரு" என்றார். நடை எப்படி என்று கேட்டேன். கூடுதுறையில் கூட்டம் அதிகம், ஆடி மாதம், அதனால் வேறு வழியாகப் போகிறாராம்.

விரல் கதையையும் சொன்னேன். "பொறுமையே இல்லாத ஆளா இருப்பாரு போல" என்றார். பைபாஸுக்கு அப்புறம் கட்டிலை விட்டு இறங்க மறுத்த மனிதர் சொல்கிறார்.

பவானிக்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

புத்தகம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. தங்கை வீடியோவில் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது, ஆனால் தன் பெயரை விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் படித்தார். ஒன்பதும் சரி. எனக்கு ஏதோ தொண்டையில் அடைத்தது.

"இனிஷியல் எங்கடா?" என்றார்.

நான் சொல்லவில்லை என்றேன். எங்கள் தெருவில் மட்டும் மூன்று கந்தசாமிகள் இருக்கிறார்கள், கூடவே நடக்கிறவரில் ஒருவர் கந்தசாமி, நாளைக்கு இது என்னுடையது என்று அவர் சொன்னால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாலு வாக்கியம் இப்போது ஒரு பக்கமாகிவிட்டது. அப்பா பெயர் வரும் இடத்தில் இனிஷியலோடு எழுதியிருக்கிறேன்.